அளவுகோல் அம்மாள்

மனச்சோர்வை இனிமேல் வாயால் சொல்லக் கூடாது, இரத்தத்தால்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் சட்டம் வந்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கவும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா? தவிர, அதில் நியாயமும் இருந்தது. சர்க்கரைக்கு இரத்தம் பார்க்கிறோம், கொழுப்புக்குப் பார்க்கிறோம். சோகத்துக்கு மட்டும் ஏன் டாக்டர் எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்த வேண்டும்? வயது வந்தவர்களின் இரத்தத்தில் இருபத்து மூன்று மூலக்கூறுகள் மிதக்கின்றனவாம். மனது போகிற போக்கில் அவையும் ஏறும், இறங்குமாம். அவற்றை அளந்து ஒரே எண்ணாகச் சொல்லும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அதைக் குடியமர்த்த நான்கு மாடிக் கட்டடம் எழும்பியது. மனநிலை இரத்தச் சான்று நிலையம் என்று பெயர். வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தார்கள்: 'வாய் பொய் சொல்லும். இரத்தம் சொல்லாது.'

சட்டத்தின் ஏழாம் பிரிவு டாக்டர்களுக்கானது. நோயாளியைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது குற்றம். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். சொன்னால் மனது கொஞ்சம் லேசாகும். லேசானால் இரத்தம் மாறும், சான்று கெட்டுப்போகும். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை உரிமம் ரத்து.

எங்கள் தெருமுனையில் பூட்டுக்காரர் கடை வைத்திருந்தார். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே மாற்றுச் சாவி அரத்தால் ராவிக் கொடுப்பார். அவர் மனைவிக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. தொலைபேசியில் புகார் எழுதிக்கொள்கிற வேலை. தண்ணீர் வரவில்லை என்பவரையும் தண்ணீர் என்று ஏதோ வருகிறது என்பவரையும் பதினெட்டு வருடம் ஒரே பொறுமையோடு கேட்டவர். மாலையில் வீட்டுக்கு வந்து அந்தப் புகார்களைக் கணவரிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பார். அந்தம்மாள் சிரித்தால் தெருவில் போகிற சைக்கிள்காரர்கள் மணி அடிக்க வேண்டியதில்லை. ஜனங்கள் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள்.

அந்தச் சிரிப்பு நின்றது. என்றைக்கு நின்றது என்று கணவருக்கே சரியாகத் தெரியவில்லை. வேலைக்குப் போவது நின்றபோதுதான் கவனித்தார். பிறகு தலை சீவுவது நின்றது. சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே காய்ந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம், பால் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரியான குரலில் சொன்னார்: "நான் இல்லாட்டி உங்களுக்கு ஒரு பாரம் குறையும்ங்க."

பூட்டுக்காரர் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் வீட்டிலிருந்த உள்தாழ்ப்பாள்களை ஒன்று விடாமல் கழற்றினார். முப்பது வருடமாகக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் மாட்டியே பிழைத்த கை, அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கழற்றியது. "துரு பிடிச்சிருக்கு, எண்ணெய் விடணும்" என்று சொல்லி வைத்தார். மனைவி ஏன் என்று கேட்கவேயில்லை. 

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு முறை வந்ததுண்டு. அப்போது ஒரு டாக்டரம்மா அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார், மாத்திரை எழுதினார், வாரா வாரம் வரச்சொன்னார். மூன்று மாதத்தில் சைக்கிள்காரர்களுக்குப் பழைய சௌகரியம் திரும்பியது. ஆகவே மறுநாள் காலையில் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனார்.

டாக்டரம்மா அந்தம்மாளை ஒரு தடவை பார்த்தார். வாய் திறந்தது, பழக்கம். உடனே மூடிக்கொண்டது, சட்டம்.

"அன்னிக்குக் குடுத்தீங்களே, அதே மாத்திரையைக் குடுங்க டாக்டரம்மா."

"முடியாதுங்க. எண் வேணும். நாப்பதுக்கு மேல இருந்தாத்தான் என் பேனா எழுதும்."

"நீங்களே கண்ணால பாக்கறீங்களே!"

"கண்ணு சாட்சி கிடையாதுங்க இப்போ." டாக்டரம்மா மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டினார். "போன மாசம் ஒரு ஆளை எப்படி இருக்கீங்கன்னு கேட்டுத் தொலைச்சிட்டேன். எனக்கு இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. நாளைக்கே போங்க. காலங்காத்தால போய் முதல் டோக்கன் வாங்குங்க. கூட்டம் சேர்ந்தா நாள்கணக்கா இழுத்தடிப்பாங்க."

நல்ல மனதோடு சொன்ன யோசனை. இந்த ஊரில் நடந்த அனர்த்தங்களில் பாதி இப்படி நல்ல மனதோடு ஆரம்பித்தவைதான்.

பூட்டுக்காரர் விடிவதற்குள் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். மனைவிக்கு முதலாம் எண் டோக்கன் கிடைத்தது.

இங்கே இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத் தினமும் காலையில் முடுக்கும்போது, பூஜ்யம் என்றால் என்ன என்று அதற்குக் காட்ட வேண்டும். நிச்சயமாகச் சந்தோஷமாக இருக்கிற ஒருவரின் இரத்தத்தைத் தலைமை அலுவலகம் ஒரு குப்பியில் அனுப்பும். அதிலிருந்து ஒரு சொட்டை அதற்கென்று உள்ள குழியில் விட்டால், 'ஓகோ, சோர்வே இல்லை என்றால் இதுதான்' என்று இயந்திரம் புரிந்துகொண்டு மற்றவர்களை அதிலிருந்து அளக்கும். அந்தக் குப்பி முந்தின நாள் தீர்ந்துவிட்டது. புதுக் குப்பி கேட்கும் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். இயந்திரமோ ஒன்பது மணிக்கு ஓடியாக வேண்டும். ஓடவில்லை என்றால் விளக்கம் கேட்பார்கள். இரத்தம் எடுக்கிற பெண் நல்ல பெண், வேலை போய்விடக் கூடாது. தட்டில் இருந்த முதல் குழாயை எடுத்தாள். பூஜ்யக் குழியில் ஒரு சொட்டு விட்டாள்.

தராசில் எடைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்காயை வைத்துவிட்டு, அதே கத்தரிக்காயை எடை போட்ட கதைதான். இயந்திரம் பளிச்சென்று சீட்டைத் துப்பியது. 'டோக்கன் 1. எண் 0. பூரண மனநலம். வாழ்த்துகள்.'

அன்றைக்கு வந்த மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எண் எகிறியது. விசிலடித்துக்கொண்டே பால் ஊற்றுகிறவருக்கு எண்பத்தெட்டு. கல்யாணமாகிப் பத்து நாள் ஆன வங்கிக் குமாஸ்தாவுக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு எழுபத்தாறு வந்தது. அது என் வயது, தப்பான கட்டத்தில் அச்சாகிவிட்டது என்று சொல்லி நழுவினேன்.

பூட்டுக்காரர் சீட்டோடு நிலைய இயக்குநரின் அறைக்கு ஓடினார். இயக்குநர் செழிப்பான மனிதர். சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றேவிட்டார்.

"பூஜ்யம்! சுத்தப் பூஜ்யம்! சார், உலகம் பூரா தேடிட்டிருக்காங்க இப்படி ஒரு ரத்தத்தை. நம்ம தலைமை அலுவலகம் அனுப்பற குப்பியே சில நாள் ரெண்டு, மூணுன்னு காட்டும். உங்க வீட்டம்மா மனுஷியே இல்லை சார், அளவுகோல்!"

"சார், அவ பன்னெண்டு நாளா தலை சீவலை."

"சீவ மாட்டாங்க. தலை சீவறவன் யாரு? அடுத்தவன் என்ன நினைப்பானோன்னு கவலைப்படறவன்."

"சாப்பிட மாட்டேங்கறா."

"பேராசை இல்லை."

"செத்துப்போறேன்ங்கற மாதிரி பேசறா சார்!" பூட்டுக்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இயக்குநர் பேனாவை எடுத்து, படிவத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மரண பயம்... இல்லை."

மறுநாளே வெள்ளை உடையில் நாலு பேர் வந்து, பூரண மனநலம் பெற்ற அம்மாளைப் பொன்னாடை போர்த்தி நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நிலையத்தின் நாலாவது மாடியில் ஓர் அறை. ஒரே வெப்பம், ஒரே வெளிச்சம், ஜன்னல் கிடையாது. திங்கள்தோறும் இரத்தம் எடுத்து அந்த வாரத்துக்கான பூஜ்யக் குப்பியை நிரப்புவார்கள். கதவில் எழுதியிருந்தது: 'அளவுகோல். மகிழ்விக்காதீர்.'

கணவர் வாரம் மூன்று முறை பார்க்கலாம். நெருங்கிய பெண் உறவினர் ஒருவருக்கும் அனுமதி உண்டு. ஆனால் சந்தோஷமோ துக்கமோ உண்டாக்கக் கூடாது. மூலையில் ஒரு கண்காணிப்பாளர் படிவத்தோடு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் பூட்டுக்காரர் மனைவியின் கையைத் தொட்டார். கண்காணிப்பாளர் இருமினார்.

"மாத்திரை ஏதாவது குடுங்க சார்" என்று இயக்குநரிடம் மறுபடியும் கெஞ்சினார்.

"அளவுகோலுக்கு யாராவது மருந்து குடுப்பாங்களா? முழக்கோலை இழுத்து நீட்டற மாதிரி ஆயிடும் சார். நீங்க முதல்ல உங்க எண்ணைப் பாருங்க."

பூட்டுக்காரருடைய எண் தொண்ணூற்றேழு.

அதற்குப் பிறகு ஊரையே பரிசோதித்தார்கள். ஊரே மனச்சோர்வில் மூழ்கிக்கிடப்பது தெரியவந்தது. இயக்குநர் மைதானத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்: "நீங்க எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க. உள்ளுக்குள்ள இவ்வளவு சோகம் இருக்குன்னு உங்களுக்கே தெரியலை. எங்களுக்கும் தெரியலை. இந்த நிலையம் இல்லாட்டி, இது தெரியாமலே சந்தோஷமா வாழ்ந்து செத்திருப்பீங்க!" கைதட்டல் விண்ணைப் பிளந்தது.

வெள்ளை மாத்திரை வீடு வீடாக வந்தது. நிலைய ஊழியர்கள் முன்மாதிரியாக முதலில் விழுங்கினார்கள். இயக்குநருக்கு மட்டும் விலக்கு. அளக்கிறவனை அளக்கக் கூடாது என்று அவரே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். எண் பூஜ்யத்துக்கு இறங்குகிற வரைக்கும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். யாருடைய இரத்தம் நாலாம் மாடி இரத்தத்தோடு பொருந்துகிறதோ அவர் குணமானவர்.

ஜனங்கள் குணமானார்கள். பால்காரர் அறுபதில் விசிலை நிறுத்தினார், முப்பதில் நடையைக் குறைத்தார், மூன்றில் பால் வரவில்லை. போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் சட்டமிட்ட சான்றிதழ். வங்கிக் குமாஸ்தாவின் புது மனைவி கூடத்தில் கிழக்குச் சுவரையும், குமாஸ்தா மேற்குச் சுவரையும் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பூஜ்யம். பேருந்து நிறுத்தங்களில் குணமானவர்கள் நின்றார்கள். பேருந்து வந்தால் ஏறவில்லை, வராவிட்டால் கேட்கவில்லை. தெருவில் சண்டை ஓய்ந்தது. நாய்கள்கூட முதலில் குரைத்துப் பார்த்தன. யாரும் கல் எடுக்காததால் பயந்துபோய் ஊரை விட்டு வெளியேறின. நிலையத்தின் வாசலில் பெரிய பலகை வைத்துக் குணமடைந்தோர் தொகையைத் தினமும் எழுதினார்கள். எழுதுகிற ஆள் குணமான நாளோடு அதுவும் நின்றது.

பூட்டுக்காரர் முதல் நாள் மட்டும் மாத்திரையை விழுங்கினார். அன்று ஒரே சாவியை இரண்டு மணி நேரம் ராவி, பொடியாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். பயந்துபோய் அன்றிலிருந்து நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பினார்.

ஒரு நாள் இரத்தம் எடுக்கிற பெண் கடைக்கு வந்தாள். அவளும் துப்புகிற கட்சிதான் போலிருக்கிறது. கண்ணில் இன்னும் பயம் இருந்தது.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சுண்ணே." குப்பி தீர்ந்த கதையைச் சொன்னாள். "அக்கா ரத்தம் பூஜ்யம் இல்லைண்ணே. அக்கா ரத்தத்தைத்தான் நான் பூஜ்யம்னு சொல்லிக் குடுத்துட்டேன். எனக்குத் தூக்கமே போச்சு."

பூட்டுக்காரர் அவளைத் திட்டவில்லை.  கடையை அப்படியே போட்டுவிட்டு இயக்குநரிடம் ஓடினார்.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. 

"தப்புதான் சார். யாரு இல்லைன்னா? எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும். ஆனா பாருங்க, ஒரு தப்பை ஒருத்தன் பண்ணினா தப்பு. அதை மூணு கமிட்டி ஒத்துக்கிட்டா தரநிலை. இப்போ அந்தம்மாவைச் சோர்வுன்னு சொன்னா, நான் குணப்படுத்தின நாப்பதாயிரம் பேரை என்னன்னு சொல்றது? ஒரு பொம்பளையோட உசுருக்காக நாப்பதாயிரம் பேரோட ஆரோக்கியத்தைக் கெடுக்கச் சொல்றீங்களா? சுயநலம் சார் அது."

"அவ செத்துப்போயிடுவா சார்."

"அதையும் யோசிச்சு வெச்சிருக்கோம்" என்றார் இயக்குநர் ஆறுதலாக. "குளிர்பெட்டி வாங்கியாச்சு. இருபது வருஷத்துக்கு ரத்தம் கெடாது."

பூட்டுக்காரர் மாடிப்படி இறங்கியது அவருக்கு நினைவில்லையாம். டாக்டரம்மாவின் வாசலில் நின்றபோதுதான் காலில் ஒரு செருப்பு இல்லை என்று கவனித்தார். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். டாக்டரம்மா மேசைக் கண்ணாடியைத் தூக்கி, எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பாக்கி ஒண்ணு இருக்குன்னு சொன்னேனே. வாங்க. இன்னியிலேருந்து நான் அவங்க தங்கச்சி."

நாலாம் மாடியில் கண்காணிப்பாளர் மூலையில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அவரும் குணமாகிவிட்டிருந்தார். பேனா படிவத்தின் மேல் நின்றது. கண் சுவரில் நின்றது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உரிமம் போகிற அந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

 டாக்டரம்மா காத்திருந்தார். கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, கிணற்றின் அடியிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி ஒரு குரல் ஏறி வந்தது.

"முடியலைங்க டாக்டர்."

பிறகு அழுகை. கண்காணிப்பாளர் படிவத்தில் 'மாற்றம் இல்லை' என்று எழுதினார். வேறு எதையும் எழுதுகிற நிலையில் அவர் இல்லை.

ஒரே நாளில் எழுந்து உட்கார இது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. தங்கச்சி வாரம் மூன்று தடவை வந்தார். பழைய மாத்திரைகளை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்தார், கேட்டார், கேட்டுக்கொண்டேயிருந்தார். இரண்டாம் வாரம் அந்தம்மாள் கஞ்சி குடித்தார். நாலாம் வாரம் சீப்பு கேட்டார். ஆறாம் வாரம் கணவரைப் பார்த்து, "இந்தச் சட்டையை எத்தனை நாளா போட்டுக்கிட்டிருக்கீங்க? கிட்ட வராதீங்க" என்றார். பூட்டுக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாவது திங்கட்கிழமை புதுக் குப்பியை ஊற்றியதும் இயந்திரம் பதறியது. குணமான நாற்பதாயிரம் பேரும் ஒரே காலையில் அறுபதுக்கு மேல் ஏறிப்போனார்கள். இயக்குநர் குளிர்பெட்டியிலிருந்த பழைய குப்பியை எடுத்து, அந்தம்மாளின் புது இரத்தத்தை அதோடு அளக்கச் சொன்னார். நாற்பத்து மூன்று.

அன்று மாலையே அந்தம்மாளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பொன்னாடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கூடவே இரண்டு கடிதங்கள். ஒன்று, தங்கச்சி யாரென்று விசாரித்துக் கண்டுபிடித்து டாக்டரம்மாவின் உரிமத்தை ரத்து செய்தது. மற்றது பூட்டுக்காரருக்கு:

'பூரண மனநலத்தோடு எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட தங்கள் மனைவி தற்போது அழுகிறார், உண்கிறார், குறை சொல்கிறார் என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கிறோம். இச்சேதத்துக்கு நிலையம் முழுப் பொறுப்பேற்கிறது. வரும் வியாழன் காலை பத்து மணிக்கு எமது வண்டி வந்து அவரை அழைத்துச் சென்று, பழைய நிலைக்கே திருப்பித் தரும்.'

பூட்டுக்காரர் கதவுக்கு நாலு பூட்டுப் போட்டார். வியாழன் பத்து மணிக்கு, இரும்புக் கம்பியோடு கதவுக்குப் பின்னால் நின்றார். வண்டி வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தது. தெருவில் வேறு சத்தமே இல்லாததால் என்ஜின் உறுமல் மட்டும் சுவருக்குச் சுவர் மோதியது. கதவு தட்டுகிற சத்தம் வரவில்லை. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கம்பியைப் பிடித்த கை மரத்துப்போயிற்று.

அந்தம்மாள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தார். "யாரும் எறங்கலையேங்க."

"தந்திரம்மா. போகாத."

"ரெண்டு மணி நேரம் உக்காந்தபடி என்ன தந்திரம்? தள்ளுங்க." நாலு பூட்டையும் அவரே திறந்துகொண்டு இறங்கினார். பூட்டுக்காரர் கம்பியோடு பின்னால் ஓடினார்.

ஓட்டுநர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து எதிரே இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு வெள்ளைச் சட்டைகள். மடியில் ஊசிப் பெட்டி. பார்வை முன் இருக்கையின் முதுகில். மூன்று பேர் சட்டைப் பையிலும் சான்றிதழ் எட்டிப் பார்த்தது. அந்தம்மாள் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்ப்பா, சாப்பிட்டீங்களா?"

"நாங்க நல்லா இருக்கோம்மா" என்றார் ஓட்டுநர், திரும்பாமல்.

அந்தக் குரலை அந்தம்மாளுக்குத் தெரியும். போன மாதம் வரைக்கும் அது அவருடைய குரல். தொலைபேசியில் பதினெட்டு வருடம் கேட்ட காது, ஒரு தடவை கேட்டால் மறக்காது.

"ஏங்க, ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மூணு பேர்னு சொல்லுங்க."

பூட்டுக்காரர் கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடத் திரும்பினார். அந்தம்மாள் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். இந்த வண்டி ஏன் திரும்பவில்லை என்று பார்க்க வந்த இன்னொரு வண்டி அங்கே நின்றிருந்தது, என்ஜின் ஓடியபடி. அதற்குப் பின்னால், அது ஏன் திரும்பவில்லை என்று பார்க்க வந்தது ஒன்று. திருப்பத்தில் இன்னும் ஒன்றின் மூக்கு தெரிந்தது.

"இருங்க" என்றார் அந்தம்மாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. "எண்ணிட்டுச் சொல்றேன்."